தொலைந்த துவக்கின் விலை: பழைய ஆக்‌ஷன் பொம்மைகளை வாங்குவதும் மதிப்பதும்

சுருவில், நாரந்தனை, வேலணை, சரவணை என்று எங்கள் தீவில் எந்த ஊருக்குப் போனாலும், வெளிநாட்டிலிருந்து வந்த சாமான் பெட்டி ஒன்று அலுமாரியின் மேல் கிடக்கும் வீட்டைக் காணலாம். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ வளர்ந்த பிள்ளைகள் விளையாடி முடித்த சாமான்கள் உடுப்புகளோடு சேர்ந்து ஊருக்கு வந்தன. அவற்றுக்குள் விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்ரிக் வீரன், கை ஒன்று இல்லாத ஒரு ஆமை, நிறம் மங்கிய ஒரு மல்யுத்தக்காரன் கிடப்பதுண்டு. இப்போது அந்தப் பெட்டிகளைத் திறக்கிறவர்கள் கேட்கும் முதற்கேள்வி, இது காசு பெறுமா என்பது. பழைய பொம்மை ஒன்று இலட்சக்கணக்கான டொலருக்குப் போனது என்ற செய்தியை எல்லோரும் எங்கோ படித்திருக்கிறார்கள்.

செய்தி பொய்யில்லை. 2024இல் அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில் போபா ஃபெட் என்ற ஸ்ரார் வோர்ஸ் படப் பாத்திரத்தின் பொம்மை ஒன்று 525,000 டொலருக்கு விற்பனையானது. ஆனால் அது கடையில் ஒருநாளும் விற்கப்படாத பொம்மை. 1979இல் ஸ்ரார் வோர்ஸ் பொம்மைகளைச் செய்த கெனர் நிறுவனம், நான்கு பொம்மைகளின் வாங்கிய சான்றை வெட்டி அனுப்பினால் முதுகிலிருந்து ஏவுகணை பாயும் போபா ஃபெட்டைத் தபாலில் தருவதாக அறிவித்தது. அதற்குச் சற்று முன்னர் மாட்டெல் நிறுவனத்தின் விளையாட்டு விண்கலம் ஒன்றின் சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்திருந்தது. கெனர் பயந்து, பாயும் ஏவுகணையைக் கைவிட்டு, அதை முதுகோடு ஒட்டியே அனுப்பியது. ஏலத்தில் போனது, தொழிற்சாலைக்குள் பரீட்சிப்பதற்காகச் செய்து மிஞ்சிய சில மாதிரிகளில் ஒன்று. பிள்ளைகளின் கைக்கு வந்த போபா ஃபெட் வேறு. அது இலட்சக்கணக்கில் இருக்கிறது.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும். பழமை விலையைத் தருவதில்லை. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் செய்யப்பட்ட பொருளில், எது எளிதில் தொலைந்ததோ அதற்குத்தான் இன்று விலை. வீரன் மிஞ்சியிருப்பான், அவன் துவக்கு போயிருக்கும். துவக்கு மிஞ்சியிருந்தால், அது வந்த அட்டை கிழித்தெறியப்பட்டிருக்கும். புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர் பொம்மையைப் பார்க்கப் பழகுவதற்கு முன், அதனோடு இருந்திருக்க வேண்டியவற்றைப் பார்க்கப் பழக வேண்டும் என்பதே என் துணிபு.

இந்த வகைப் பொம்மைகளின் வரலாறு 1964இல் ஹஸ்ப்ரோ நிறுவனம் வெளியிட்ட ஜீ. ஐ. ஜோவில் தொடங்குகிறது. பன்னிரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம், துணி உடுப்பு, கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. வலக்கைப் பெருவிரலில் நகம் தவறான பக்கத்தில் இருக்கும். போலி செய்கிறவர்களைப் பிடிக்க அந்தப் பிழையே பின்னர் உதவியது. பிரித்தானியாவில் பாலிரோய் நிறுவனம் 1966இல் அதே பொம்மையை அக்‌ஷன் மான் என்று விற்றது. இலண்டனில் பழைய சாமான் சந்தைக்குப் போகும் எங்கள் ஆட்களின் கண்ணில் படுவது பெரும்பாலும் இதுதான். 1977இல் ஸ்ரார் வோர்ஸ் படம் வந்தபோது கெனரிடம் பொம்மை தயாராக இருக்கவில்லை. அந்த நத்தாருக்கு வெறும் மட்டையையும் ஒரு சீட்டையும் விற்று, அடுத்த ஆண்டு பொம்மைகளைத் தபாலில் அனுப்பினார்கள். அவை மூன்றேமுக்கால் அங்குலம்தான். சின்ன உருவம், குறைந்த விலை, விண்கலத்துக்குள் வைத்து விளையாடலாம் என்பதால் அந்த அளவு உலகெங்கும் பிடித்துப்போனது. 1982இல் ஜீ. ஐ. ஜோவும் அந்த அளவுக்குச் சுருங்கித் திரும்பி வந்தது. அதே ஆண்டு மாட்டெலின் ஹீ-மான், 1984இல் ட்ரான்ஸ்ஃபோமர்ஸ், 1988இல் நின்ஜா ஆமைகள், 1990இல் ஹஸ்ப்ரோவின் மல்யுத்த வீரர்கள் என்று வரிசை நீண்டது.

1983 ஆடிக் கலவரத்துக்கும் 1990 ஆவணியில் இராணுவம் தீவுகளுக்குள் வந்ததற்கும் பிறகு மேற்கே போன குடும்பங்களின் பிள்ளைகள் விளையாடியவை இந்தக் கடைசி வரிசையைச் சேர்ந்தவை. அதனால்தான் எங்கள் ஊர்ப் பெட்டிகளில் ஆமைகளும் மல்யுத்தக்காரர்களும் இருக்கின்றன, 1964இன் ஜோ இல்லை. அந்த ஆண்டுகளில் ஊரிலிருந்த பிள்ளைகளுக்கு இந்த உலகமே தெரியாது. வடக்குக்குள் பற்றரிகூடக் கொண்டுவரத் தடை இருந்த காலம். பழைய செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லாக்கி, மீன்ரின்னில் பூட்டி இழுத்த வண்டியும், பனையோலைக் காற்றாடியும், நுங்குக் கோம்பையில் செய்த வண்டியும்தான் விளையாட்டுச் சாமான். இராணுவ உடுப்பும் துவக்கும் கொண்ட ஒரு பொம்மையை வீட்டில் வைத்திருக்கவே பெற்றோர் அஞ்சியிருப்பார்கள். எங்கள் தலைமுறையில் ஒருவர் இன்று ஜீ. ஐ. ஜோ சேர்க்கிறார் என்றால், தன் சிறுவயதைத் திரும்ப வாங்குகிறார் என்று சொல்ல முடியாது. அவர் வாங்குவது கிடைக்காமல் போன ஒன்றை. அது ஒரு குறையுமல்ல. ஆனால் எதை வாங்குவது என்று முடிவுசெய்யும்போது அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பழைய நினைவு கண்ணை மறைக்காதவர் பொருளைத் தெளிவாகப் பார்ப்பார்.

முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது காலின் பின்புறமும் முதுகும். அங்கே ஓர் ஆண்டும் ஒரு நாட்டின் பெயரும் அச்சாகியிருக்கும். புதியவர் அதிகம் ஏமாறுவது இந்த ஆண்டில். அது அச்சுக்கு உரிமை பெற்ற ஆண்டு, அந்தப் பொம்மை செய்யப்பட்ட ஆண்டல்ல. ஹீ-மான் வரிசை கடைக்கு வந்தது 1982இல், முதுகில் இருப்பதோ 1981. அதே உடலை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதால், பிறகு வந்த பாத்திரங்களிலும் 1981 என்றே இருக்கும். அண்மையில் வெளிவந்த மறுபதிப்பில்கூடப் பழைய ஆண்டு இருக்கக்கூடும். 'அச்சில் 1981 இருக்கிறது, ஆகவே நாற்பது வருடப் பழசு' என்று விற்பவர் சொன்னால், அவர் பொய் சொல்லாமலே பிழையாகச் சொல்கிறவராக இருக்கலாம்.

அடுத்தது மூட்டுகள். 1982இன் பின் வந்த ஜீ. ஐ. ஜோவின் உடலுக்குள் ஓர் இறப்பர் வளையம் இடுப்பையும் கால்களையும் நெஞ்சோடு இழுத்துப் பிடிக்கிறது. நாற்பது ஆண்டில் அது காய்ந்து அறுந்துவிடும். பொம்மை இரண்டாகப் பிரிந்து விழும். பார்க்கிறவர் உடைந்துவிட்டது என்று எறிந்துவிடுவார். உண்மையில் முதுகுத் திருகாணியைக் கழற்றி, சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் புது வளையத்தைப் போட்டால் எழுந்து நிற்கும். அதற்கு மாறாக, பெருவிரல் முறிந்திருந்தாலோ தொடை பொருந்தும் இடம் வெடித்திருந்தாலோ அது திரும்பாத சேதம். துவக்கை வலிந்து கைக்குள் திணித்த பிள்ளைகளால் பெருவிரல்கள் ஏராளமாக முறிந்தன. அறுந்த வளையத்தை அஞ்சாமல் வாங்கலாம், முறிந்த விரலை விட்டுவிடலாம். 1982இல் வந்த முதல் தொகுதியில் முழங்கைக்கு மேல் கை சுழலாது. அடுத்த ஆண்டிலிருந்து சுழலும். ஒரே பாத்திரத்தில் இரண்டும் இருந்தால் அவை இரண்டு தனிப் பொருட்கள். நின்ஜா ஆமைகளிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு: மிகத் தொடக்கத்தில் வந்த நான்கு ஆமைகளின் தலை அமுக்கினால் அமுங்கும், பின்னர் வந்தவற்றின் தலை கடினம். பெட்டியைத் திறந்து தலையை அமுக்கிப் பார்க்க யாருக்கும் ஒரு செலவும் இல்லை.

இனித் தொலைந்தவை. ஒரு வீரனோடு வந்த துவக்கு, தொப்பி, முதுகுப்பை எல்லாம் சேர்ந்து இருந்தால் அது முழுமை. சேர்ப்போர் வட்டத்தில் முழுமையானதற்கும் வெறும் உருவத்துக்கும் உள்ள விலை வித்தியாசம் சிலவேளை பல மடங்கு. துவக்கு மட்டுமே, அதற்குரிய வீரனைவிடக் கூடிய விலைக்குப் போவதும் உண்டு. விலை இருக்கும் இடத்துக்குப் போலியும் வரும். கெனரின் ஸ்ரார் வோர்ஸ் துவக்குகளுக்கும் ஒளிவாள்களுக்கும் மறுபதிப்புகள் குவிந்து கிடக்கின்றன. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதும், மேசையில் விழுத்திச் சத்தம் கேட்பதும் வழக்கம். இரண்டும் உதவும், இரண்டும் முடிவான சான்று அல்ல. விளிம்பின் கூர்மை, பிளாஸ்ரிக்கின் பளபளப்பு, அச்சில் விட்ட வார்ப்புக் கோடு ஆகியவற்றை உறுதியான அசல் ஒன்றோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நம்பத்தக்க வழி. ஜாவா என்ற குள்ளப் பாத்திரத்தின் கதை இதற்குப் பாடம். முதலில் அது பிளாஸ்ரிக் மேலாடையோடு வந்தது. விரைவிலேயே துணி மேலாடைக்கு மாற்றினார்கள். பிளாஸ்ரிக் மேலாடை அரிதாகிவிட்டதால், வேறு பாத்திரத்தின் பிளாஸ்ரிக் மேலாடையை வெட்டிச் சின்னதாக்கி மாட்டி விற்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் இந்தப் பொம்மையின் பக்கமே போகக்கூடாது. போவதாயின், தலைசிறந்த சேகரிப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகட்டும்.

அட்டை குலையாத பொம்மை வேறு உலகம். அமெரிக்காவில் ஏ.எஃப்.ஏ. என்ற நிறுவனம் பொம்மையையும் அட்டையையும் அதன் பிளாஸ்ரிக் குமிழையும் ஆராய்ந்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, ஒளிபுகும் கட்டிப் பெட்டிக்குள் மூடித் தருகிறது. எண்பத்தைந்துக்கும் தொண்ணூறுக்கும் இடையிலான விலைப் பள்ளத்தைப் பார்த்தால் தலை சுற்றும். பெரிய ஏலங்களில் இந்த மதிப்பெண் போலியிலிருந்து காக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் தொடங்குகிறவர் இதில் காசைக் கொட்டுவது வீண். கையில் எடுக்க முடியாத பொம்மையிலிருந்து அவர் எதையும் படிக்கமாட்டார். மூட்டு எப்படி இறுகும், நிறம் எங்கே தேயும், அசல் பிளாஸ்ரிக் விரலுக்கு எப்படி இருக்கும் என்பதெல்லாம் அட்டையில்லாத, மலிவான, விளையாடித் தேய்ந்த பொம்மைகளில்தான் பழக வேண்டும்.

அட்டை நாட்டையும் சொல்கிறது. அது எங்கள் பெட்டிகளுக்கு முக்கியம். கனடாவில் விற்றவற்றின் அட்டையில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்திருக்கும். பிரான்சில் ஸ்ரார் வோர்ஸ் பொம்மைகளை மெக்கானோ நிறுவனம் பிரெஞ்சு அட்டையில் வெளியிட்டது. ஐரோப்பாவில் பிற்பகுதியில் மூன்று மொழிகளில் பெயர் அச்சிட்ட அட்டை வந்தது. அமெரிக்காவில் விற்கப்படாத யாக் ஃபேஸ் என்ற பாத்திரம் ஐரோப்பாவிலும் கனடாவிலும் கிடைத்தது. இன்று அமெரிக்கர்கள் அதைத் தேடுகிறார்கள். ஆகவே ரொறன்ரோவிலோ பாரிஸிலோ நிலவறையில் பழைய அட்டை கிடைத்தால் அதைக் குப்பை என்று நினைக்க வேண்டாம். துருக்கியில் 1980களில் உரிமம் இல்லாமல் செய்யப்பட்ட ஸ்ரார் வோர்ஸ் நகல்கள்கூட இன்று அசலைவிடக் கூடிய விலைக்குப் போவதுண்டு. நகல் என்பதற்காக மதிப்பில்லை என்றும் சொல்லிவிட முடியாது.

இங்கே தமிழகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவருக்கு நான் பரிந்துரைக்கும் களம் அங்கேதான் இருக்கிறது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய பலூன் தயாரிப்பிலிருந்து வளர்ந்தது. விளையாட்டு பலூனில் தொடங்கி ரயருக்குப் போன அந்த நிறுவனம், 1980களின் பிற்பகுதியில் ஹஸ்ப்ரோவோடு சேர்ந்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கி விளையாட்டுச் சாமானுக்குத் திரும்பியது. தலைமையகம் சென்னை, அன்றைய தொழிற்சாலை கோவாவில். அமெரிக்காவில் பயன்படுத்தி முடித்த ஜீ. ஐ. ஜோ அச்சுகள் இந்தியா வந்தன. அதே உருவம், ஆனால் நிறம் வேறு. அமெரிக்காவில் பச்சையாக இருந்தவன் இந்தியாவில் மஞ்சளிலும் நீலத்திலும் வருவான். கண்ணுக்கும் மீசைக்கும் பூசிய வர்ணம் கையால் தொட்டது போலச் சற்று விலகியிருக்கும். அட்டையின் பின்னால் வீரனின் வரலாற்றுக் குறிப்பு இருக்கும். ரூபாய் விலையும் காணப்படும். அமெரிக்காவில் அந்த வரிசை 1994இல் நின்ற பிறகும் இந்தியக் கடைகளில் அவை தொடர்ந்து விற்பனையாகின. 2000ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதைக் கண்டுபிடித்துப் பெட்டி பெட்டியாக இறக்குமதி செய்தார்கள். அதனால் ஃபன்ஸ்கூலில் இரண்டு நிலை உண்டாயிற்று. அப்போது இறக்குமதியான கடைசிக்காலப் பொம்மைகள் அட்டையோடு இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. 1980களின் இறுதியில் இந்தியப் பிள்ளைகள் மட்டுமே விளையாடிய தொடக்கக்காலப் பொம்மைகள், அதிலும் அட்டையோடு, உண்மையாகவே அரியவை. ஹீ-மான் வரிசையும் இந்தியாவில் லியோ நிறுவனத்தால் செய்யப்பட்டது. அதையும் வெளிநாட்டார் தேடி வாங்குகிறார்கள்.

இந்த இந்தியப் பொம்மைகளில் மலிவில் தொடங்கலாம், போலி குறைவு, படிக்க நிறைய இருக்கிறது, தமிழ் பேசிக் கேட்டு வாங்கலாம். இந்த நான்கும் ஒன்றுசேரும் இடம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. சென்னை சென்றால் 1985இல் எரிந்த மூர் மார்க்கெட்டின் கடைகள் இடம்மாறிய அல்லிக்குளம் வளாகத்தைப் பார்க்கலாம். பழைய புத்தகக் கட்டுகளுக்கு இடையில் எப்போதாவது சாமான் அகப்படும். கொழும்புப் புறக்கோட்டையில் கிடைப்பவை பெரும்பாலும் புதிய நகல்கள்.

விலையை எங்கே பார்ப்பது என்பதில் ஒரே விதி. கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஒருவர் ஆயிரம் டொலர் என்று போட்டு மூன்று வருடமாக விற்காமல் வைத்திருப்பது விலையாகாது. ஈபேயில் விற்பனை முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அதே பொம்மை, அதே நிலை, அதே துணைப் பொருட்கள் என்று நான்கைந்து விற்பனைகளை ஒப்பிட்டு நடுவிலுள்ளதை எடுங்கள். அதற்குமேல் கப்பற்கூலி, சுங்கவரி, டொலர் மாற்று எல்லாம் கூட்டினால்தான் இலங்கையில் அதன் உண்மை விலை. 2022இல் ரூபாய் விழுந்தபோது இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கியவர்கள் பலர் பாடம் படித்தார்கள்.

முதலீடு என்று நினைத்து வாங்க வருகிறவர்களுக்கு 1995ஐ நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டு கெனர் ஸ்ரார் வோர்ஸ் வரிசையை மீண்டும் வெளியிட்டது. 1978இன் பொம்மைகளுக்கு விலை ஏறியதைக் கண்டவர்கள் அதை அள்ளி வாங்கி, அட்டையைக் கிழிக்காமல் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? முப்பது ஆண்டாகியும் அவற்றுள் மிகப்பெரும்பாலானவை வாங்கிய விலையைத் தாண்டவில்லை. தேவையும் தலைமுறையோடு நகர்கிறது: இன்று விலை ஏற்றுகிறவர்கள் 1980களில் சிறுவராயிருந்து இப்போது ஐம்பதை எட்டும் வசதியானவர்கள். அவர்களுக்குப் பின்னும் இதே விலை நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பிடித்ததால் வாங்குங்கள், விலை ஏறினால் மகிழுங்கள்.

வைத்திருப்பதில் எங்கள் தீவுக்கென்று ஒரு கேடு உண்டு. கடலைப் பார்க்கும் சுருவிலில் உப்புக்காற்று எந்த இரும்பையும் விடாது. ஜீ. ஐ. ஜோவின் முதுகுத் திருகாணியும் உள்ளே இருக்கும் கொளுக்கியும் இரும்பு. கறள் பிடித்தால் திருகாணித் தலை உருண்டு, பிறகு பொம்மையைப் பிரிக்கவே முடியாது. கறளின் கறை பிளாஸ்ரிக்கிலும் ஊறும். வெயில் படும் விறாந்தை அலுமாரியில் வைத்தால் வெள்ளைப் பிளாஸ்ரிக் மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் ஊறவைத்து வெளுக்கலாம் என்கிறார்கள். வெளுக்கும், ஆனால் மஞ்சள் திரும்பி வருவதைப் பலர் கண்டிருக்கிறார்கள், பிளாஸ்ரிக் நொய்ந்தும் போகலாம். அதைச் செய்து மறைத்து விற்பது மோசடி. மென்மையான பிளாஸ்ரிக் கத்திகளையும் மேலாடைகளையும் கடினமான உடலோடு ஒட்ட வைத்து வருடக்கணக்கில் மூடி வைத்தால் பிசுபிசுத்து, உடலையே உருக்கிவிடும். காற்றோட்டமுள்ள, இருளான, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட பெட்டியே போதும். பொலித்தீன் பையை இறுகக் கட்ட வேண்டாம்.

வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எங்கள் தீவில் இது வெறும் சடங்குக் கேள்வி அல்ல. ஆட்கள் இடம்பெயர்ந்த வீடுகளிலிருந்து கதவும் நிலையும் ஓடும் பித்தளைச் சாமானும் போன வரலாறு எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே, ஒரு பழம்பொருளை யாருடையது என்று கேட்காமல் கையில் எடுப்பது எனக்கு உவப்பில்லை. அதே போல, பெட்டியின் பெறுமதி தெரியாத ஓர் அம்மாவிடம் அரிய பொம்மையை இருநூறு ரூபாவுக்கு வாங்கி வெற்றி என்று சொல்பவரைச் சேகரிப்பாளராக நான் எண்ணமாட்டேன். இது இவ்வளவு போகும் என்று அவருக்குச் சொல்லி, நியாயமாகக் கொடுத்து வாங்கலாம். அவர் பேரன் யார், எந்த நாட்டில் எந்த ஆண்டு வாங்கியது என்ற விபரமும் அப்போது கிடைக்கும். அதை ஒரு சிறு கடுதாசியில் எழுதிப் பொம்மையோடு வையுங்கள்.

ஃபன்ஸ்கூல் விடயத்தில் இந்தக் கடுதாசிகளுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. எந்த நிறத்தில் எந்த ஆண்டு எது வந்தது என்பதை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் கையில் கிடைத்த பொம்மைகளை வைத்தே ஊகித்து வருகிறார்கள். சென்னையிலோ திருச்சியிலோ அகதி வாழ்வில் இருந்தபோது பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்த தகப்பனிடம் அன்றைய கடைச் சிட்டை ஒன்று மிஞ்சியிருந்தால், திகதியிட்ட ஒரு புகைப்படத்தில் அந்தப் பொம்மை பிள்ளையின் கையில் இருந்தால், ஊகம் நின்று, ஆண்டு உறுதியாகும். பெட்டியைத் திறக்கிறவர்கள் பழைய அல்பத்தையும் கூடவே திறந்து பார்க்கட்டும்.